காட்டுக்கீரை பறிக்கும் முன்: கேள்வி பதில்

கே: அக்கா, பருப்புக்கீரை என்று பறித்து வந்தேன். வீட்டில் ஒருவர் சாரணை என்கிறார், இன்னொருவர் தின்னவே கூடாது என்கிறார்.

ப: தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது பருப்புக்கீரையே அல்ல, தரையில் படரும் கள்ளிக் குடும்பத்துச் செடி. பருப்புக்கீரைத் தண்டில் தண்ணீர்தான் கசியும். இலை தடித்து வழவழப்பாக இருக்கும், பூ மஞ்சள். சாரணையில் ஒரு கணுவிலுள்ள இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருக்கும். பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. பூக்காத செடிக்குப் பெயர் சொல்ல எனக்கே தயக்கம்தான். பூக்கும்வரை பொறுங்கள், கீரை எங்கும் ஓடிவிடாது.

கே: பறவை தின்றால் நாமும் தின்னலாம்தானே?

ப: கூடாது. பறவைகள் விழுங்கிவிட்டுப் பறந்துபோகும் பெல்லடோனா பழம் மனிதரைக் கொல்லும்.

கே: வேகவைத்தால் விஷம் போய்விடாதா?

ப: செந்தட்டியின் சுணை கொதிநீரில் அடங்கிவிடும். சேம்பு இலையின் நமைச்சல் நன்றாக வெந்தால் குறையும். ஆனால் ஊமத்தை இலை வெந்தாலும் ஊமத்தைதான்: வாய் வறளும், கண்மணி விரியும், பிதற்றல் வரும்.

காளான்தான் இன்னும் மோசம். சில காளான்களில் இருக்கும் அமாடாக்சின் என்ற நஞ்சு எந்தக் கொதிக்கும் அசையாது. தின்று 6 முதல் 12 மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அப்புறம் கொஞ்சம் தெளிந்தது போலிருக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனையெல்லாம் வெறும் கதை. அனுபவசாலி ஒருவருடன் பல பருவங்கள் அலையாமல் காளான் பக்கம் போகாதீர்கள்.

கே: சாலையோரத்துக் கீரையைக் கழுவினால் போதாதா?

ப: புழுதி போகும். மண்ணிலிருந்து செடி உறிஞ்சிக்கொண்ட ஈயம் போகாது. களைக்கொல்லி அடித்த வரப்பும் அப்படித்தான்.

கே: சிறுநீரகக் கல் உள்ளவர் குப்பைக்கீரை சாப்பிடலாமா?

ப: அதில் ஆக்சலேட் அதிகம். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஓரளவு குறையும். அடிக்கடி வேண்டாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: ஒரு இடத்தில் எவ்வளவு பறிக்கலாம்?

ப: மூன்றில் ஒரு பங்கு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து ஆளுக்கு ஒரு பங்கு எடுத்தால் மிச்சம் என்ன? எந்த உறுப்பைப் பறிக்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். கொழுந்தைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும், செடிக்கு லாபம்கூட. கிழங்கைத் தோண்டினால் செடியே போயிற்று. விதை உதிர்ந்த பிறகு பெரியதை எடுத்து, சிறியதை அங்கேயே புதைத்துவிட்டு வாருங்கள். மரப்பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். நாலைந்து செடி மட்டுமே நிற்கும் இடத்தில் நான் கை வைப்பதில்லை. அடுத்தவர் நிலமென்றால் கேட்டுவிட்டுத்தான் பறிக்க வேண்டும்.

கே: புதுக்கீரையை முதல்முறை சமைக்கிறோம்...

ப: அடையாளம் உறுதியான பிறகுதான் இந்தப் பேச்சே. வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் ஒரு கரண்டி சாப்பிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சமைக்காத கொத்து ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். ஏதாவது ஆனால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.