‘என்ன தப்புச் செய்தார் என் கணவர்?’ – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

31 ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளிகளின் முகங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுடைய சதைத் துணுக்குகளைத்தான் பார்த்திருக்கிறேன். நோய்க்குறியியல் மருத்துவர் என்றால் பலருக்குப் புரிவதில்லை. பயாப்சி அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுகிறவள் என்றால் புரிந்துகொள்வார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புற்றுநோயைப் பற்றியவை என்பதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

என் கணவருக்கு வயது 52. புகை, மது எதுவும் கிடையாது. பெருங்குடலில் புற்றுநோய் என்கிறார்கள். என்ன தப்புச் செய்தார், எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

எங்கிருந்தும் வரவில்லை அம்மா. அவர் உடம்பிலேயே பிறந்து, அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு செல்தான் அது.

பெருங்குடலின் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால், சோதனைக் குழாய்களை நெருக்கமாக நிறுத்திவைத்த மாதிரி சுரப்பிகள் வரிசையாகத் தெரியும். செல்லின் கரு ஊதா நிறம், மற்றது இளஞ்சிவப்பு. நாங்கள் ஏற்றும் சாயம் அது. ஒவ்வொரு குழாயின் அடியிலும் புதுச் செல்கள் பிறந்து, மேலே ஏறி, நாலைந்து நாளில் உதிர்ந்துபோகின்றன. வாழ்நாள் முழுவதும் ஓயாமல் நடக்கிற வேலை இது. ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், சுமார் 600 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ.வை நகல் எடுத்தாக வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவர் எழுதினாலும் எங்கேயாவது ஓர் எழுத்து பிசகும் இல்லையா? பிசகுகிறது. அதைத் திருத்துவதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் கண்ணுக்கும் தப்பும் பிழைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கெடுதலும் செய்வதில்லை.

விழக்கூடாத இடத்தில் விழுகிற பிழைகள்தான் ஆபத்து. ‘பிரி’ என்று ஆணையிடும் மரபணு அதனால் வாய் மூடாமல் கத்திக்கொண்டே இருக்கும். ‘போதும்’ என்று அடக்கும் மரபணு ஊமையாகிவிடும். அடக்குபவற்றில் பி53 என்று ஒன்று. டி.என்.ஏ. பழுதுபட்டால் செல்லை அப்படியே நிறுத்திவைக்கும். பழுது தீராது என்றால் அந்தச் செல் தானே செத்துப்போகும்படி செய்துவிடும். மனிதர்களுக்கு வரும் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு பழுதுபட்டிருக்கிறது. சாக வேண்டிய நேரத்தில் சாக மறுத்த செல் என்றுதான் நான் புற்றுச் செல்லைப் பயிற்சி மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவேன்.

ஒரே ஒரு பிழையால் இவ்வளவும் நடந்துவிடாது. ஒரே செல் வழியில் பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். பெருங்குடலில் முதலில் ‘பாலிப்’ என்ற சிறு முளை தோன்றி, அது புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள்கூட ஆகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 தடவை இரட்டித்தால் 107 கோடி செல்கள். அது சுமார் ஒரு சென்டிமீட்டர் கட்டி. உங்கள் கணவரின் கட்டி கண்ணுக்குப் பட்ட நாளில் அதற்குப் பல வயது ஆகியிருக்கும். போன வருடம் அவர் என்ன சாப்பிட்டார் என்று தோண்டித் துருவுவதில் பயனில்லை. உங்கள் பிள்ளைகளும் அவருடைய உடன்பிறந்தவர்களும் எந்த வயதிலிருந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதில் பயன் உண்டு.

இதைப் படித்துவிட்டு, ‘எல்லாம் தற்செயல், ஒரு சிகரெட் கொடு’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். தானாக விழும் பிழைகள் ஒரு பக்கம். நாமாக அள்ளிக் கொட்டுபவையும் உண்டு. புகைபோக்கிகளைத் துடைத்துவந்த தொழிலாளிகளின் விதைப்பையில் வரும் புற்றுக்குப் புகைக்கரிதான் காரணம் என்று 1775இலேயே லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதிவைத்தார். 1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்காகத் தார் தடவித் தடவிப் புற்றை வரவழைத்தே காட்டினார்கள். அவர்களுடைய பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். புகையிலைப் புகையில் புற்று உண்டாக்கும் பொருள்கள் 70க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் சில நேராக டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு நகலைக் கெடுக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர், மது, சில வைரஸ்கள் எல்லாம் இதே பட்டியலில்தான் வருகின்றன.

கட்டியில் கத்தியோ ஊசியோ பட்டால் பரவிவிடும் என்று உறவினர் தடுக்கிறார். பயாப்சி செய்துகொள்ளலாமா? (ஒரு வாசகர்)

செய்துகொள்ளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள்மேல் அல்ல.

ஒருமுறை மார்பகத் துணுக்கு ஒன்று வந்தது. கூட வந்த சீட்டில் மருத்துவர் எழுதியிருந்தார்: ‘கட்டி 8 மாதமாக. முன்பு பயாப்சிக்கு மறுத்துவிட்டார்.’ துணுக்கை மெழுகில் பதித்து, மயிரிழையின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். கட்டியின் விளிம்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சாதாரணக் கட்டிக்குப் பெரும்பாலும் ஒழுங்கான எல்லை இருக்கும், பக்கத்துத் திசுவைத் தள்ளுமே தவிர அதற்குள் நுழையாது. இது கொழுப்புக்குள் விரல் விரலாக நுழைந்திருந்தது. கிரேக்கர்கள் இதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் வைத்த ‘புற்று’ இன்னும் பொருத்தம் என்பேன்: வெளியே தெரியும் மேடு கொஞ்சம், உள்ளே ஓடும் வளை அதிகம். பிறகு அக்குள் நிணநீர்க் கணுக்களும் வந்தன. அவற்றிலும் இருந்தது. அந்த 8 மாதமும் அவரை எந்த ஊசியும் தொடவில்லை.

பரவுவது அத்தனை லேசான காரியமும் அல்ல. செல் தன் இடத்தை விட்டுக் கழன்று, செல் வரிசைக்கு அடியில் வேலிபோல இருக்கும் அடித்தளச் சவ்வைத் துளைத்து, ரத்தத்திலோ நிணநீரிலோ இறங்கி, அங்கே சாகாமல் தப்பி, வேறோர் உறுப்பில் வேரூன்ற வேண்டும். கிளம்புகிறவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே மடிகின்றன. ஊசி போன பாதையில் செல் தங்கிவிடுவது மிக அரிது. அந்த ஆபத்து எந்தெந்தக் கட்டிகளில் உண்டு என்பது அறுவை மருத்துவருக்குத் தெரியும், அதற்கேற்பத் திட்டமிடுவார். உறவினருக்கு வணக்கம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கும் வந்தே தீருமா? (ஒரு வாசகி)

வந்தே தீரும் என்பதில்லை. எல்லாப் புற்றுநோய்களையும் எடுத்துக்கொண்டால், பெற்றோர் வழியாக வரும் மரபணுப் பிழையால் உண்டாகிறவை 5 முதல் 10 சதவீதம்தான். அங்கேகூட நோய் கைமாறுவதில்லை, ஒரு பிழை கைமாறுகிறது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்த ஆல்ஃப்ரெட் நட்சன் 1971இல் சொன்னது இது: சில குழந்தைகள் ஒரு பிரதி கெட்ட நிலையிலேயே பிறக்கிறார்கள், இன்னொன்றும் கெட்டால் புற்று. மற்றவர்களுக்கு இரண்டுமே பிறகு கெட வேண்டும். மார்பகப் புற்றோடும் சினைப்பைப் புற்றோடும் தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக்களின் கதையும் இதைப் போன்றதுதான். அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்ததா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். மரபணுச் சோதனை உங்களுக்குத் தேவையா என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

சர்க்கரையை நிறுத்தினால் புற்றுச் செல் பட்டினியில் செத்துவிடுமா?

சாகாது. புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக விழுங்குகின்றன என்பது உண்மை. 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். உடம்பில் புற்று எங்கே இருக்கிறது என்று படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் எடுப்பதே பெரும்பாலும் அந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைச் செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சிகிச்சையில் இருப்பவர் பட்டினி கிடந்தால் இளைப்பது அவர்தான்.

தொட்டால் ஒட்டுமா?

ஒட்டாது. தாராளமாகப் பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. போன்ற வைரஸ்கள் பரவும், புற்று பரவாது. எச்.பி.வி.க்குத் தடுப்பூசியும் இருக்கிறது. (டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குகள் ஒன்றையொன்று முகத்தில் கடித்துப் புற்றுச் செல்லையே தொற்றவைத்துக்கொள்கின்றன. நீங்கள் யாரும் அந்த இனம் இல்லை என்று நம்புகிறேன்.)

யானை எவ்வளவு பெரியது! அதற்கு நம்மைவிட நிறைய செல்கள். அப்படியென்றால் அதற்குத்தானே புற்றுநோய் அதிகம் வர வேண்டும்? (8ஆம் வகுப்பு மாணவன்)

தம்பி, விஞ்ஞானிகளே பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. கணக்குப்படி நீ சொல்வது சரி. ஆனால் யானைகளுக்குப் புற்று குறைவாகத்தான் வருகிறது. மேலே பி53 என்று எழுதினேனே, அந்த மரபணு நமக்கு ஒரு ஜோடி. யானைக்குச் சுமார் 20 ஜோடி என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. பழுதுபட்டால் யானையின் செல், நம்முடையதைவிடச் சீக்கிரம் செத்துவிடுகிறது. கடிதத்தின் ஓரத்தில் நீ வரைந்திருந்த யானையை ரசித்தேன். ஒரு தந்தம்தான் இருக்கிறது, இன்னொன்று எங்கே?