‘கொஞ்சம் கனமா’ என்றால் எத்தனை கிராம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்த்தபோது பூல் (ஸ்னூக்கர் போல மேசை மேல் குச்சியால் பந்தைத் தட்டி ஆடுவது) ஆடிப் பழகினேன். ஊர் திரும்பியதும் எனக்கென்று அதற்கான குச்சி, ஒரு க்யூ ஸ்டிக், கடைந்து தரச் சொல்லி வெளியூர்க்காரர் ஒருவரிடம் போனில் பேசினேன். “கொஞ்சம் கனமா, முன்பாரமா இருக்கட்டும்” என்றேன். வந்ததோ முனை மெலிந்து, பின்பக்கம் கனத்த குச்சி. மறுபடி செய்யச் சொல்லும்போது எப்படிச் சொல்வது?
– வாசகர், கீழக்கரை

பதில்: உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஸ்னூக்கர் க்யூவாக இருக்கும். நம் கிளப்புகளில் ஸ்னூக்கருக்கே பழக்கம் அதிகம். வெறுமனே “க்யூ” என்றால் செய்பவரின் கை அந்தப் பக்கம்தான் போகும். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., அதற்கு 10 மி.மீ. டிப் (பந்தைத் தட்டும் தோல் முனை) போதும். பூல் பந்து 57.15 மி.மீ., கனமும் கூடுதல். அதற்கு 12.5 முதல் 13 மி.மீ. டிப் வேண்டும். ஆகவே முதல் வரியிலேயே “பூல் ஆட்டத்துக்கு, மொத்த நீளம் 58 அங்குலம், டிப் 13 மி.மீ.” என்று எழுதிவிடுங்கள். அங்குலமா மி.மீட்டரா என்பதை ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் போடுங்கள்.

அடுத்தது கனம். பூல் க்யூ வழக்கமாக 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது 510 முதல் 595 கிராம். ஒரு அவுன்ஸ் வெறும் 28 கிராம்தான், ஆனாலும் கைக்குத் தெரியும். நீங்கள் ஆடிப் பிடித்துப்போன க்யூ எதுவோ, நண்பருடையது என்றாலும் சரி, இரண்டாகக் கழற்றிச் சமையலறை டிஜிட்டல் தராசில் எடைபோட்டு, கூட்டிவரும் கிராமை எழுதி அனுப்புங்கள்.

முன்பாரம் வேறு, கனம் வேறு. அதே க்யூவை மறுபடி பூட்டி, குறுக்காக ஒரு விரலில் நிறுத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, பின்நுனியிலிருந்து அங்குலத்தில் அளந்து பாருங்கள். 18, 19 அங்குலத்தில் வருவது சாதாரணம், 19.5-ஐத் தாண்டினால் முன்பாரம். நீங்கள் கனமும் கேட்டீர்கள், முன்பாரமும் கேட்டீர்கள். கனத்துக்காகப் பின்நுனியில் போல்ட் ஏற்றியிருந்தால், அங்கே ஏறிய ஒவ்வொரு கிராமும் சமநிலையைப் பின்னால்தான் இழுத்திருக்கும். முன்பாரம் வர வேண்டுமானால் பிடிக்கு முன்னே இருக்கும் துண்டில் அடர்ந்த மரம் வேண்டும், அல்லது ஜாயின்ட்டில் (இரண்டு துண்டும் திருகிப் பூட்டும் இடத்தில்) எஃகு வளையம் வேண்டும். இரண்டில் எது என்று அவரே சொல்லட்டும். நீங்கள் அங்குலத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட் (க்யூவின் முன்பாதி) எப்படிப் பருக்கிறது என்பதைத்தான் பலரும் சொல்ல மறக்கிறார்கள். விரல் வளையத்துக்குள் க்யூ ஓடுவது அந்த இடத்தில்தானே? டிப்பிலிருந்து 5, 10, 15, 20, 25 அங்குலத்தில் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து விட்டத்தை எழுதுங்கள். 10 அங்குலம் வரை ஏறக்குறைய ஒரே தடிமனா, தொடக்கத்திலிருந்தே படிப்படியாகப் பருக்கிறதா என்பது இந்த ஐந்து எண்களில் அவருக்குத் தெரிந்துவிடும். மெலிந்து போனதை யாராலும் பருக்க வைக்க முடியாது. அதனால் 13 மி.மீட்டரில் வாங்கி, இரண்டு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு, தேவையானால் 12.75-க்குத் தேய்த்துத் தரச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பழைய ஷாஃப்டையும் இதில் மாட்டும் எண்ணம் உண்டென்றால் ஜாயின்ட் திருகின் அளவு அவசியம்: 5/16 அங்குலத் தடிமனில் அங்குலத்துக்கு 14 மரையா, 18 மரையா என்பது வரை. ஒன்று இன்னொன்றில் ஏறாது. நம் கடற்காற்றுக்குத் திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். மரத்தின் வெட்டுமுகம்தான் ஈரத்தை வேகமாகக் குடிக்கும். ஜாயின்ட் முகப்பையும் டிப்புக்கு அடியையும் வார்னிஷ் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். தோல் சுற்றிய பிடி ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். இங்கே சுற்றே இல்லாத பிடிதான் நல்லது என்பது எங்கள் கருத்து.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அனுப்பிவிட்டு, “நீங்கள் புரிந்துகொண்டதை ஒருமுறை எழுதி அனுப்புங்கள்” என்று கேளுங்கள். “சரிங்க, பார்த்துக்கலாம்” என்ற பதில் வந்தால் முன்பணம் போட வேண்டாம்.

கேள்வி: தாத்தா காலத்து வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பனங்கை இருக்கிறது. அதில் க்யூவின் பட் (பின்பாதி) செய்யலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: தாராளமாக. பல வருஷம் கூரையில் காய்ந்த மரம் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் பனையில் கறுத்த நார் இரும்பாக இருக்கும், இடையில் உள்ள சதை மெத்தென்று இருக்கும். கடையும்போது நார் பிய்ந்து வரும். எனவே மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நடுவே 3/4 அங்குலத் துளை போட்டு மேப்பிள் தண்டு ஒட்டுவது, நார் இடுக்கில் நீர்த்த சூப்பர் குளூ ஊற்றி இறுக்குவது, ஒரே நாளில் கடைந்து முடிக்காமல் இடைவெளி விட்டுக் கடைவது. சோற்றுப்பக்கத்தை ஒதுக்கிவிட்டு, வெளிப்புறத்தில் வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதியிலிருந்து 40 மி.மீ. சதுரத்தில் ஒரு துண்டு அனுப்பினால் போதும். முக்கியமாக, ஆணி அடித்திருந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு அனுப்புங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் துருப்பிடித்த ஆணி உளியைக் கெடுக்கும், கடைபவர் கண்ணுக்கும் ஆபத்து.

கேள்வி: சங்கில் பிறை வடிவம் வெட்டி க்யூவில் பதிக்கச் சொன்னேன். ஓரம் தேய்ந்து மரம் தெரிகிறது. யார் தவறு?
– வாசகர், மண்டபம்

பதில்: அகலம் சொல்லாமல் விட்டது இருவர் தவறும்தான். தட்டையான சில்லை உருண்டையான மரத்தில் பதித்து, பிறகு வழவழப்பாகக் கடைகிறார்கள். பட் 30 மி.மீ. விட்டமுள்ள இடத்தில் 10 மி.மீ. அகலச் சில்லு வைத்தால், ஓரங்களில் நடுவைவிட 0.86 மி.மீ. கூடுதலாகத் தேயும். 6 மி.மீ. அகலமென்றால் 0.3 மி.மீ. மட்டுமே. ஆக, சில்லு 1.5 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல், அகலம் 6 மி.மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். பெரிய பிறை வேண்டுமானால் நீளவாக்கில் வையுங்கள். வடிவத்தை உண்மையான அளவில் தாளில் வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். ஜாயின்ட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி, சுற்றிலும் எத்தனை என்பதும் அதே தாளில் வரட்டும்.

கேள்வி: பார்சல் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: எடை, சமநிலை, ஐந்து விட்டங்கள் ஆகியவற்றை நீங்கள் அனுப்பிய தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு ஷாஃப்டைத் தனியாக, பட் பகுதியைத் தனியாக, பூட்டிய க்யூவை ஒருமுறை என்று டேபிள் மேல் உருட்டி, அடியில் தெரியும் வெளிச்சக் கோட்டைக் கவனியுங்கள். தனித்தனியே நேராக ஓடி, பூட்டியதும் டிப் துள்ளினால் கோளாறு ஜாயின்ட் முகப்பில். அதை வீடியோ எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். டிப்பில் நீலச் சாக் (முனை பந்தில் வழுக்காதிருக்கத் தேய்க்கும் கட்டி) தேய்ப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். நீலம் பட்டுவிட்டால் அது ஆடிய க்யூ ஆகிவிடும்.