என்னை எழுத வைத்த கூட்டத்துக்கு இப்போது நான் போவதில்லை

"மாதாந்திர இலக்கியக் கூட்டம்தான் என்னை எழுத வைத்தது. இப்போது அங்கே உட்காரவே முடியவில்லை. இது நன்றி கெட்டதனமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நானும் இதே கேள்வியோடு ரொம்ப நாள் அல்லாடியவள், அதனால் சொல்கிறேன். நீங்கள் அநேகமாக நாலைந்து வருடம் விடாமல் போயிருப்பீர்கள். ஒரு தொகுப்பு வந்திருக்கும், இல்லை வரப்போகிறது. போகாத மாதங்களில் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

எங்களுடையது நெல்லைப் பக்கம் ஒரு சின்ன ஊர். கிளை நூலகத்து மாடியில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கும். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, அதனால் அந்த இடம் கிடைத்தது. நடத்தியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அந்தக் காலத்தில் நெல்லை வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. தன் வீட்டில் கூட்டிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பன் பாட்டைப் படித்துப் படித்து ரசித்ததைச் சொல்லாமல் அவர் கூட்டத்தை ஆரம்பித்ததே இல்லை. கதையைக் கையில் கொடுத்தால் வாங்க மாட்டார், வாசிக்கச் சொல்வார். வாசிக்கும்போது தடுமாறினால் மேசையில் பென்சிலால் ஒரு தட்டு. "மூச்சு முட்டுற எடத்துல வாக்கியம் சரியில்லம்மா." எனக்குத் தெரிந்த உரைநடை அந்தத் தட்டில் வந்தது. இதை யாரிடமும் மறைத்ததில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த மாடியில் கழிப்பறை கிடையாது. கூட்டம் மூன்று மணி நேரம் நடக்கும். ஆண்கள் கீழே இறங்கிப் பின்பக்கம் போய் வருவார்கள். நாங்கள் மூன்று பெண்களும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவோம். சொத்து வரியோடு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரி வாங்குகிறார்கள். பெண்கள் ஏன் இலக்கியக் கூட்டத்துக்கு வருவதில்லை என்று மேடையில் கவலைப்படுகிறவர்கள் முதலில் இதைக் கவனிக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தை பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அவளை வைத்து ஒரு கதை எழுதினேன். "அத்தை சுற்றியது பீடியை அல்ல, தன் ஆயுளை" என்று முடித்திருந்தேன். கூட்டத்தில் அந்த வரிக்குக் கைதட்டல் எழுந்தது. இரண்டு பேர் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன்.

அவள் இலை நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஏட்டி, நான் ஆயுளையெல்லாம் நெனச்சதில்ல. கம்பெனில இன்னிக்கு எத்தனைய கழிப்பானோன்னுதான் நெனப்பேன்" என்றாள். அப்புறம் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். கட்டை வாங்கிப் பார்க்கிறவன் கை எந்தப் பீடியில் நிற்கும், அவன் சரியில்லை என்று எடுத்துப்போட்டதை எப்படிக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டு வர வேண்டும் என்றெல்லாம். நான் எழுதியிருந்த கதையில் இதில் ஒன்றுமே இல்லை. அந்தக் கடைசி வரியைக் கூட்டத்துக்காகத்தான் எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. எந்த இடத்தில் யார் "ஆகா" சொல்வார் என்பது எழுதும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

கதையை மாற்றினேன். அந்த வரியை எடுத்துவிட்டு, கழிவுப் பீடியைப் பார்த்தபடி அத்தை நிற்கும் இடத்தில் முடித்தேன். அடுத்த மாதம் வாசித்தபோது கூட்டம் சும்மா இருந்தது. பழைய முடிவே நன்றாக இருந்தது என்றார் ஒருவர். முடிவில் ஒரு அடி வேண்டும் என்றார் இன்னொருவர். அண்ணாச்சியும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கூட்டம் போனேன். அப்புறம் நின்றுவிட்டேன்.

பெரிய எழுத்தாளர் ஆகிவிட்ட நினைப்பு என்று இதைப் படிக்கிற சிலர் சொல்லலாம். அங்கே வருகிறவர்களைவிட நான் மேல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கூட்டம் இருந்தபடியேதான் இருந்தது. எனக்குத்தான் அது தரக்கூடியதைத் தந்து முடித்திருந்தது. நாடகாசிரியர் ந. முத்துசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' இதழில் எழுதியவர், 1970இல் 'கசடதபற' சிற்றிதழ் நண்பர்களோடு சேர்ந்தார், 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அவர் 'எழுத்து'க்குத் துரோகம் செய்தார் என்று யாராவது சொல்வோமா?

நான் செய்த தப்பு வேறு. அண்ணாச்சி போன் செய்து, "என்னம்மா, ஆளையே காணோம்?" என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். அடுத்த மாதம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றேன். ஆறு மாதம் இப்படிப் பொய் சொன்னேன். விலகியதைவிட அதுதான் என்னை அரித்தது. நீங்களும் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

நான் போனேன். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பழைய லாங் சைஸ் நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறிப்பு எழுதி வைக்கிற நோட்டு. நான் இரண்டாவது முறை வாசித்த நாளின் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். யார் யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக இருந்தது. அடியில் பென்சிலில், "இந்த முடிவே சரி. சபையில் சொல்லத் தவறினேன்."

"ஏன் சொல்லல அண்ணாச்சி?" என்றேன்.

"எல்லாரும் ஒண்ணு சொல்லும்போது நான் மாத்திச் சொன்னா கூட்டம் உடைஞ்சிருமோன்னு பயந்தேன்மா" என்றார்.

கூட்டத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் அந்தத் திண்ணைக்குப் போய் வாசிக்கிறேன். போன வாரம் கொண்டுபோன கதையில் மூன்றாவது பத்தியிலேயே பென்சில் தட்டியது.