ராப்டர் ஆசை: 2013 மாடலா, 2018 மாடலா?

கேள்வி: ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் மனைவி, மகளுடன் வசிக்கிறேன். எச்-1பி விசாவில் வேலை. வீட்டுக்கு ஒரு டொயோட்டா இருக்கிறது. ஃபோர்டு எஃப்-150 ராப்டர் பிக்கப் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2013 மாடல். 98,000 மைல் ஓடியது. உரிமையாளரே 27,500 டாலருக்கு விற்கிறார். இன்னொன்று 2018 மாடல். 71,000 மைல் ஓடியது. டீலர் 43,000 டாலர் சொல்கிறார். சேமிப்பு 40,000 டாலர் இருக்கிறது. அதில் 15,000 முன்பணமாகத் தருவேன். கிரெடிட் யூனியனில் 2018-க்கு 8% வட்டியில் 60 மாதக் கடனும், 2013-க்கு 9.5% வட்டியில் 36 மாதக் கடனும் தருகிறார்கள். வீட்டுச் செலவு மாதம் 5,200 டாலர். ஆண்டுக்கு 7,000 மைல் ஓட்டுவேன், பெரும்பாலும் வார இறுதிகளில். “புதியதையே வாங்கு, பெட்ரோல் மிச்சமாகும், ரிப்பேர் வராது” என்கிறார்கள் நண்பர்கள். 2013-ஐ விற்பவர், விலையைக் குறைத்து எழுதினால் வரி குறையும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: 2013-ஐ வாங்குங்கள், பரிசோதனையில் அது தேறினால். தேறாவிட்டால் அதே தலைமுறையில் வேறொன்றைத் தேடுங்கள். 2018-க்குத் தாவ வேண்டாம்.

நண்பர்கள் சொல்லும் பெட்ரோல் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். முதல் தலைமுறை ராப்டரின் 6.2 லிட்டர் வி8 எஞ்சின் கேலனுக்குச் சராசரியாக 13 மைல் கொடுக்கும் என்பது அரசுக் கணக்கு. 2017-இல் வந்த இரண்டாம் தலைமுறையின் 3.5 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினுக்கு 16 மைல். நீங்கள் ஓட்டும் 7,000 மைலுக்கு வித்தியாசம் ஏறத்தாழ 100 கேலன். கேலன் 3 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 300 டாலர். இந்த 300-ஐ மிச்சம் பிடிக்க 15,500 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். போட்ட பணத்தை எடுக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எனக்குக் கவலை தருவது கடன். டெக்சாஸின் 6.25% வாகன விற்பனை வரியையும் சேர்த்தால் 2018-க்கு மொத்தம் 45,687 டாலர். முன்பணம் போக மாதத் தவணை 622 டாலர். ஐந்தாண்டில் வட்டி மட்டும் 6,600-ஐத் தாண்டும். 2013-க்கு வரியோடு 29,219 டாலர். தவணை 455, மூன்றாண்டில் வட்டி 2,200-க்குள் முடிந்துவிடும். எதை வாங்கினாலும், முன்பணம் போக உங்கள் கையில் 25,000 டாலர் இருக்கும்.

ஒன்றரை ஆண்டு கழித்து உங்கள் வேலை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுத எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எச்-1பி-யில் இருக்கும் எல்லோரிடமும் இதைக் கேட்காமல் நான் எந்தக் கடனுக்கும் யோசனை சொல்வதில்லை. வேறு வேலை தேடவோ, நாட்டை விட்டுக் கிளம்பவோ உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள். அன்றைக்கு 2018-இன் கடன் பாக்கி சுமார் 22,700 டாலர். அதை அடைத்தால் கையில் மிஞ்சுவது 2,300. அரை மாதச் செலவுக்குக்கூடக் காணாது. அடைக்காவிட்டால், கடன் பாக்கியுள்ள வண்டியை அவசர அவசரமாக, வாங்குபவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டும். 2013-இன் பாக்கியோ 7,600 டாலர்தான். ரிப்பேருக்கென்று 5,000 டாலரைத் தனியே எடுத்து வைத்தபிறகும், இந்தக் கடனை ஒரே நாளில் அடைத்துவிட்டு இரண்டு மாதக் குடும்பச் செலவைக் கையில் வைத்திருப்பீர்கள். என் முடிவுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அந்த 5,000 டாலரைத் தனிக் கணக்கில் போடுங்கள். 98,000 மைல் ஓடிய வண்டிக்குச் செலவு வராது என்று நான் சொல்லமாட்டேன். 35 அங்குல டயர்கள் நான்கை மாற்றவே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஃபாக்ஸ் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டிவரும். 6.2 எஞ்சினில் வால்வு ஸ்பிரிங் உடைவது தெரிந்த குறை. 2011 முதல் 2014 வரையிலான எஃப்-150 வண்டிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் திடீரென முதல் கியருக்கு இறங்கும் ஆபத்துக்காக, குறையைச் சரிசெய்து தருவதற்கான திரும்ப அழைப்பு (recall) வந்திருக்கிறது. வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் (NHTSA) இணையதளத்தில் போட்டால், அந்த வேலை பாக்கி இருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும். பாக்கி இருந்தால் ஃபோர்டு டீலர் காசு வாங்காமல் செய்து தர வேண்டும்.

ஆனால் “புதியதில் ரிப்பேர் வராது” என்பதை நம்பாதீர்கள். அந்த 3.5 டர்போ எஞ்சினில் கேம் ஃபேசர் என்ற பாகம் தேய்வது பரவலான குறை. அதற்காக ஃபோர்டு அறிவித்த சிறப்புச் சலுகைக்காலமும் முடிந்துவிட்டது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர், தம் வண்டியின் சத்தத்தைக் கேட்க ஒரு காலையில் என்னை அழைத்தார். இரவெல்லாம் நின்ற எஞ்சினை இயக்கிய முதல் இரண்டு மூன்று நொடி, தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஒலித்தது. பிறகு அடங்கிவிட்டது. மெக்கானிக் எஞ்சினின் முன்பக்கத்தையே பிரித்தார். பில் நாலாயிரம் டாலருக்கு மேல். தவணை கட்டிக்கொண்டிருந்த மாதத்திலேயே அதையும் கட்டினார்.

இனிப் பரிசோதனை. உங்களுக்கு மிக முக்கியம் வெள்ளம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது 2013 மாடல் வண்டி ஹூஸ்டனில் நின்றிருந்தால் அது தண்ணீரில் மூழ்கியிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். அடுத்தது, ஓட்டுநர் அறைக்கும் பின்புறத் தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் வைத்து அளந்து பாருங்கள். மேலும் கீழும் வித்தியாசப்பட்டால், யாரோ மணல்மேட்டில் தாவவிட்டு சேஸிஸை வளைத்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். பொலிவர் கடற்கரை மணலில் ஓடிய வண்டியானால், அடியில் உப்புத் துருவையும் பார்க்க வேண்டும். (2018-இன் உடல் அலுமினியம், துருப்பிடிக்காது என்று டீலர் சொல்வார். சேஸிஸ் அதிலும் எஃகுதான்.) இவற்றையெல்லாம் பார்த்த பிறகும், சில நூறு டாலர் செலவானாலும், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள்.

விலையைக் குறைத்து எழுதும் யோசனைக்கு வருகிறேன். கூடவே கூடாது. தனிநபர் விற்பனையில், நீங்கள் கொடுத்த விலை அல்லது அரசு அந்த வண்டிக்கு வைத்திருக்கும் மதிப்பில் 80%, இவற்றில் எது அதிகமோ அதற்குத்தான் டெக்சாஸ் வரி போடும். எனவே குறைத்து எழுதுவதால் கிடைப்பது சொற்பம். ஆனால் வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான 130-யு என்ற படிவத்தில் நீங்கள் இருவரும் கையெழுத்திடுகிறீர்கள். அதில் பொய் எழுதுவது கடுமையான குற்றம் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. விசாவில் இருக்கும் நீங்கள் சில நூறு டாலருக்காக அந்தக் கையெழுத்தைப் போடவே கூடாது. உண்மை விலையை எழுதுங்கள். பணத்தை கேஷியர் காசோலையாகக் கொடுங்கள். உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை, விற்பவரையும் அழைத்துக்கொண்டு கவுன்டி வரி அலுவலகத்திலேயே முடியுங்கள்.

கார் கடன் வட்டிக்கு வருமான வரிக்கழிவு உண்டென்று யாராவது சொன்னால், அது புது வண்டிக்கு மட்டும். உங்கள் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

எப்போது 2018-ஐ வாங்கச் சொல்லியிருப்பேன்? கிரீன் கார்டு கைக்கு வந்து, இதே வண்டியில் தினமும் எழுபது மைல் வேலைக்குப் போய்வருபவராக இருந்து, 25,000 டாலருக்குமேல் கடன் வாங்காமல் முடியுமானால் தயங்கியிருக்கமாட்டேன். 450 குதிரைத்திறனும் பத்து கியரும் கொண்ட அருமையான வண்டி அது. இன்றைய உங்கள் நிலைமைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சனிக்கிழமையே 2013-ஐப் பார்க்கப் போங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போதுதான் சில சத்தங்கள் வெளிப்படும் என்பதால், அதை முன்கூட்டி இயக்க வேண்டாமென்று உரிமையாளரிடம் சொல்லி வையுங்கள். போனதும் முதலில் பானெட்டின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.