பழைய சுண்ணாம்புச் சுவரில் புதுத் தளத்தை ஏற்றலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த கூரை), தொண்ணூறு வருஷம் ஆகிறது. கொல்லையில் ஒரு படுக்கையறையும் பாத்ரூமும் கான்கிரீட்டில் சேர்க்கிறோம். பழைய சுவரிலேயே தளத்தை உட்காரவைத்தால் செலவு மிச்சம் என்கிறார் காண்ட்ராக்டர். பின்னால் விரிசல் விடுமா?

பதில்: விடும். ஏற்றாதீர்கள்.

சுவர் ஒன்றரை அடி அகலம் இருக்கிறதே என்பார்கள். அகலம் இருக்கட்டும். பழைய அஸ்திவாரம் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி அமர்ந்துவிட்டது. புதுசு இனிமேல்தான் இறங்கும். அங்கே களிமண் வேறு, மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். இரண்டையும் பிணைத்தால் சேரும் இடத்தில் பிளக்கும்.

புது அறை தன் பில்லரிலேயே நிற்கட்டும். பழைய சுவருக்கும் அதற்கும் நடுவே கீழிருந்து மேல்வரை ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, மேலே மழை இறங்காமல் அலுமினியத் தகடு போட்டு மூடுங்கள். பில்லர் குழியைப் பழைய சுவரை ஒட்டித் தோண்டவே கூடாது. மூன்று நான்கு அடி தள்ளித் தோண்டி, தளத்தை மட்டும் அந்த இடைவெளி வரை நீட்டிக்கொள்ளலாம். பாத்ரூம் ஈரம் பழைய சுவரைத் தொடாதபடி தூரத்துக் கோடியில் வரட்டும்.

அப்புறம், "பின்கட்டை இடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று யாராவது வருவார். கூலியைவிடப் பல மடங்கு அந்தத் தேக்கு உத்தரத்திலும் நிலையிலும் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் இதில் ஏமாறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. ஒவ்வொன்றையும் எண்ணி, கன அடி அளந்து, இரண்டு மரக்கடையில் விலை கேளுங்கள். அதுவரை ஒரு கதவைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து உதிரும். சுண்ணாம்புக் காரைதான்.

ஒரே ஒரு விஷயம். வீடு தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் பக்கம் என்றால் மேலே சொன்னதெல்லாம் அப்புறம்தான். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். சொந்தக் கொல்லையில் ஒரு பாத்ரூமுக்கா என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்கும்தான். இதை முதலிலேயே எடுத்துச் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை, தளம் போட்ட பிறகு நோட்டீஸ் மட்டும் வரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கோயில் எல்லையிலிருந்து தூரத்தை அளந்துவிடுங்கள்.