தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் ஒரு நாள்: கேள்வி பதில்

தரங்கம்பாடிக்கு வந்த புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு பற்றிப் பல வருடங்களாகக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். தமிழ் நூல்களை அச்சிட்ட அவருடைய அச்சகத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர் தமிழ் படித்ததும் தமிழில் கற்பித்ததும்தான் எனக்குப் பிடித்த பகுதி. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, கப்பலை விட்டு இறங்கும்போது அவருக்குத் தமிழ் தெரியுமா?

ஒரு எழுத்துகூடத் தெரியாது. 1706 ஜூலை 9 அன்று கரை சேர்ந்தார். மறுநாள் வயது 24 நிறைந்தது. ஊர் அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. அனுப்பியவர் டென்மார்க் அரசர், வந்த இருவருமோ, சீகன்பால்குவும் கூட வந்த மிஷனரி புளுட்சோவும், ஜெர்மானியர்கள். ஊரில் வெள்ளைக்காரர்களோடு வேலை பார்த்தவர்களுக்குப் போர்த்துகீசியம்தான் புழங்கும் மொழி. சரி, பிரித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள்: புளுட்சோவுக்குப் போர்த்துகீசியம், சீகன்பால்குவுக்குத் தமிழ்.

குழந்தைகளோடு மணலில் எழுதிப் படித்தார் என்பது கதையா, நிஜமா?

நிஜம்தான். வயதான ஒரு வாத்தியாரைத் தங்கள் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவார்கள். இவரும் கால் மடக்கி அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். இதில் ஒரு வேடிக்கை, எழுத்து வந்துவிட்டது, அர்த்தம் வரவில்லை! வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. அப்புறம்தான் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? முழுக்கப் பிரசங்கம்தானா?

இல்லவே இல்லை. தன் நாளை அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். காலை ஜெபம் முடிந்து 6 முதல் 7 வரை லுத்தரின் ஞானோபதேசத்தை, அதாவது கேள்வி பதிலாக உள்ள கிறிஸ்தவப் பாடத்தை, தமிழில் விளக்குவார். 7 முதல் 8 வரை, ஏற்கெனவே படித்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். 8 மணிக்கு உட்கார்ந்தால் 12 வரை தமிழ் ஓலைகள்தான், அதுவும் அதுவரை படிக்காத நூல்களாக. பக்கத்தில் ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். செய்யுள் புரியாவிட்டால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் பிரித்துச் சொல்வார். புதிய சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்வார். சாப்பிடும்போதுகூட யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். மாலை 3 முதல் 5 வரை மறுபடி ஓலை. இரவு 7 மணிக்கு மேல் கண் வலிக்கும் என்பதால் இன்னொருவர் படிக்க, இவர் கேட்பார்.

கூட்டிப் பாருங்கள். அந்த நாளில் அவர் கற்பித்ததைவிடக் கற்ற நேரம்தான் அதிகம். இப்படியே போய், இரண்டு வருடத்தில் அகராதியில் 20,000 சொல் சேர்ந்துவிட்டது. எந்த நூலாசிரியரின் நடை பிடித்ததோ அவரையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார், அந்த நடையில் பேசவும் எழுதவும் வர வேண்டும் என்று.

ஓலையைப் படிப்பது நமக்கே கஷ்டம். வெளிநாட்டுக்காரருக்கு எப்படி முடிந்தது?

நல்ல கேள்வி. ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அடையாளமே அந்தக் காலத்தில் புள்ளிதான். புள்ளி போனால் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்று, ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒன்று. ரகரமும் துணைக்காலும்கூட ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. மொழி காதில் ஏறாதவனால் ஓலையைக் கண்ணால் மட்டும் படிக்க முடியாது. அவர் எப்போதும் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டதில் இந்தப் பயனும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அண்ணா, மதம் மாற்ற வந்தவரைத் தமிழறிஞர் என்று ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

மதம் மாற்றத்தான் வந்தார், அதை அவர் மறைக்கவும் இல்லை. 1713இல் அச்சிட்ட ஒரு சிறுநூலுக்கு ‘அக்கியானம்’ (அஞ்ஞானம்) என்றே பெயர் வைத்தவர். ஆனால் அதே ஆள் 1708இல் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் மேலிடம் அச்சிட மறுத்தது. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அவர்களுக்குக் கோபம். அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மறைத்தால் ஆள் புரியமாட்டார்.

அவர் சொல்லிக் கொடுத்ததை ஊர்மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

திருப்பிக் கேள்வி கேட்டார்கள். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, வந்த பதில் கடிதங்களை அவர் மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதில் நம்மவர்கள் விட்டு வைக்கவில்லை: குடிக்கிறீர்கள், மாட்டைத் தின்கிறீர்கள், சுத்தம் இல்லை, அப்புறம் எங்களுக்கு என்ன உபதேசம்? தமிழ் தெரியாமல் இருந்திருந்தால் இந்தத் திட்டெல்லாம் அவருக்குக் கேட்டிருக்காது!

கடவுளுக்கு என்ன சொல் பயன்படுத்தினார்?

சருவேசுரன். கத்தோலிக்கர்கள் முன்பே புழங்கிய சொல். அவர்கள் எழுதிய தமிழ் நூல்கள் கைக்குக் கிடைத்தபோது சொற்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். கொள்கையில் சண்டை, சொல்லில் கடன்.

சிறையில் போட்டார்களாமே?

ஆமாம், டேனிஷ் கவர்னரோடு ஒத்துப்போகவில்லை. 1708 கடைசியிலிருந்து நாலு மாதம் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். அதற்குச் சற்று முன்னால், அக்டோபரில்தான், பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். 1711 மார்ச்சில் முடித்தார்.

அந்த வாத்தியார் குடும்பம் என்ன ஆனது?

அவர் மகன் கணபதி வாத்தியார் சீகன்பால்குவுக்கு நண்பரானார், நல்ல கவி. ஞானஸ்நானம் பெற்றார், வீட்டில் பெரிய எதிர்ப்பு. பின்னால் மிஷனை விட்டு விலகியும் போனார். சீகன்பால்கு 1719இல் 36 வயதில் இறந்தார், தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அடக்கம். வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்திய அந்த வீடு எங்கே இருந்தது என்று நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.