மூடாக்கு போட்டதும் நத்தை பெருகியது: வீட்டுத் தோட்டத்தில் களைக்கும் நத்தைக்கும் என்ன செய்வது?

கேள்வி: வீட்டை ஒட்டி நான்கு பாத்திகளில் கத்தரி, மிளகாய், கீரை வளர்க்கிறேன். கோரையும் அருகும் மண்டியதால் களையெடுத்துவிட்டு, வைக்கோலும் சருகும் கொண்டு கனமாக மூடாக்கு போட்டேன். மற்ற களைகள் குறைந்தன. கோரை மட்டும் மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வருகிறது. மழைக்குப் பிறகு ஓடில்லாத நத்தைகள் பெருகி, நட்ட நாற்றை ஒரே இரவில் தின்றுவிடுகின்றன. உப்புத் தூவலாமா? களைக்கொல்லி அடிக்கலாமா?

பதில்: நீங்கள் இரண்டு தொல்லைகளாக எழுதியிருப்பவை உண்மையில் ஒன்றோடொன்று பின்னியவை. ஓடில்லா நத்தையின் உடலில் பெரும்பகுதி நீர்தான். அந்த நீரைக் காக்க அதற்கு ஓடு கிடையாது என்பதால், பகல் முழுவதும் ஈரமும் இருட்டும் உள்ள இடத்தில் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகே மேயக் கிளம்பும். வரப்போரத்துக் களைப்புதர் அதற்கு அப்படியோர் இருப்பிடமாக இருந்தது. அதை அகற்றிய கையோடு, நாற்றின் தூரை ஒட்டியே கனத்த மூடாக்கைப் பரப்பி, இன்னும் வசதியான இருப்பிடத்தை நீங்களே அமைத்துக் கொடுத்துவிட்டீர்கள். மூடாக்கு போட்டது தவறில்லை. நத்தையைக் குறைக்காமல், நாற்று தேறுவதற்கு முன்பே போட்டதுதான் தவறு. ஆகவே முதலில் நத்தை, அடுத்து கோரை, கடைசியில் மூடாக்கு என்ற வரிசையில் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன், தின்பது நத்தைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். புழு தின்ற இலையின் மேல் கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் கிடக்கும். நத்தை மேய்ந்த இடத்திலோ, காலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிக்கோடு போல உலர்ந்த சளித்தடம் பளபளக்கும். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் விளக்கோடு பாத்தியைச் சுற்றி வந்தால் சந்தேகமே இருக்காது.

இப்போது பாத்தியில் இருக்கும் மூடாக்கு முழுவதையும் வாரி, தோட்டத்துக்கு வெளியே வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். வரப்போரப் புல், கவிழ்த்து வைத்த தொட்டி, உடைந்த செங்கல், பழைய சாக்கு என்று பகலில் ஈரம் தங்கும் எதையும் விட்டுவைக்க வேண்டாம். அதன் பிறகு, ஒரு பாத்திக்கு ஒன்றாகப் பழைய பலகைத்துண்டை மண்ணிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் சிறு கற்களின் மேல் வைத்து, அடியில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸின் வெளியிலைகளையோ போட்டு நனைத்துவையுங்கள். ஒளிய வேறு இடமில்லாத நத்தைகள் விடியலுக்குள் அங்கே வந்து சேரும். வெயில் ஏறுமுன் பலகையைப் புரட்டினால், அடிப்பக்கத்தில் அவை சுருங்கி ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். குச்சியால் வழித்துச் சோப்புக் கரைசல் உள்ள வாளியில் தள்ளிவிடுங்கள். அப்படியே பலகை இருந்த இடத்து மண்ணையும் ஓர் அங்குலம் கிளறிப் பாருங்கள். வேகவைத்த ஜவ்வரிசியைப் போலக் கொத்தாகக் கிடப்பவை அதன் முட்டைகள். வெறுமனே மண்ணைப் போட்டு மூடாமல், எடுத்து நசுக்கிவிடுங்கள். ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் ஒரே உடலில் இருப்பதால் ஒவ்வொரு நத்தையும் முட்டையிடக்கூடியது. தப்பிய முட்டைகள் சில வாரங்களில் பொரியும் என்பதால், நான்கு நாள் பொறுக்கிவிட்டு நிறுத்தினால் பலனிராது. மூன்று, நான்கு வாரமாவது தொடருங்கள்.

இந்த வேலையை வெறுங்கையால் செய்ய வேண்டாம். மனிதருக்கு மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் எலி நுரையீரல் புழு சில நத்தைகளின் உடலில் இருக்கக்கூடும். கையுறை அணியுங்கள், குழந்தைகளைப் பொறுக்க விடாதீர்கள், தோட்டத்துக் கீரையை ஒவ்வோர் இலையாக ஓடும் நீரில் அலசிச் சமையுங்கள்.

பொறுக்கியும் கட்டுக்குள் வராவிட்டால், இரும்பு பாஸ்பேட் குருணையைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவில், குவிக்காமல் பரவலாக, மாலையில் தூவலாம். தின்ற நத்தை அங்கேயே சாகாது. மேய்வதை நிறுத்திவிட்டு, மறைவிடத்துக்குப் போய்ச் சில நாள்களில் இறக்கும். செத்த நத்தை கண்ணில் படவில்லை என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். மெட்டால்டிஹைடு குருணை வேகமாகக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் நாய், பூனை தின்றால் உயிருக்கே ஆபத்து. பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியோடு அதைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டார்கள். வீட்டை ஒட்டிய பாத்திக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

உப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உப்புப் பட்டால் நத்தை சாகும், சந்தேகமில்லை. ஆனால் அந்த உப்பு மண்ணில் தங்கி நாற்றின் வேரையும் கருக்கும். பாத்தியில் ஒரு பிடிகூட வேண்டாம். முட்டை ஓட்டைப் பொடித்துச் சுற்றிப் போடுவது, தொட்டிக்குச் செம்புப் பட்டை கட்டுவது ஆகியவை பலரும் சொல்லும் உபாயங்கள். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இவை எவையும் லெட்டூஸ் செடிகளைக் குறிப்பிடத்தக்க அளவு காக்கவில்லை என்றே தெரியவந்தது. உலர்ந்த சாம்பல் ஓரளவு தடுக்கும், அடுத்த மழை வரை. இவற்றையெல்லாம்விட, மாலையில் நீர் பாய்ச்சும் வழக்கத்தைக் காலைக்கு மாற்றுவது செலவில்லாத, உறுதியான பலன் தரும் மாற்றம். இரவில் மேல்மண் உலர்ந்திருந்தால் நத்தையால் நெடுந்தூரம் ஊர முடியாது.

இனி கோரைக்கு வருவோம். களையெடுக்கும்போது கோரையைப் பிடித்து இழுத்தால் 'டக்' என்று ஓர் ஓசையோடு தண்டு கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணிலேயே இருக்கும். ஈரமண்ணை மெல்லத் தோண்டிப் பாருங்கள்: கடலைப்பருப்பைவிடச் சற்றுப் பெரிய கருநிறக் கிழங்கொன்றும், அதிலிருந்து கம்பி போன்ற வேர்த்தண்டு நீண்டு அடுத்த கிழங்கும், அதற்கடுத்ததும் சரம் கோத்ததுபோலக் கிடக்கும். மண்வெட்டியால் கொத்தும்போது இந்தச் சரம் அறுந்து, அதுவரை உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் தனித்தனியே முளைக்கின்றன. கொத்தக் கொத்தக் கோரை பெருகுவதாகப் பலர் சலித்துக்கொள்வது இதனால்தான். பெரும்பாலான கிழங்குகள் மேல் அரையடி மண்ணுக்குள் இருப்பவை. ஆகவே பயிரில்லாத பாத்தியில் மண் கிளறும் தோட்ட முள்கரண்டியால் மண்ணை அடியோடு நெம்பித் தூக்கி, சரத்தைச் சரமாகவே பொறுக்கி, கடும் வெயிலில் ஒரு வாரமாவது காயவிடுங்கள். பயிர் நிற்கும் பாத்தியில், முளை நான்கைந்து இலை விடுமுன்னே பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை விடாமல் கிள்ளி எடுத்தால், கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்து ஓயும். ஒரு முறை அசட்டையாக விட்டால் புதுக்கிழங்கு கட்டிவிடும். கோரைக்கு நிழல் ஆகாது. நெருக்கமாகப் படர்ந்து நிழல் கட்டும் பயிரை அந்தப் பாத்தியில் ஒரு பருவம் வைப்பது நல்ல உதவி.

அருகம்புல்லுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. கணுவோடு ஒரு துண்டு கிடந்தாலும் வேர்விடும் என்பதை நினைவில் வைத்து, ஓடுதண்டை முழுதாக உருவுங்கள். பாத்தியின் விளிம்பில் அரையடி ஆழத்துக்குத் தகடோ ஓடோ பதித்தால் வெளியிலிருந்து நுழைவது பெரிதும் குறையும். விதையால் வரும் சாரணை, குப்பைமேனி போன்றவற்றுக்கு, விதைப்பதற்கு முன் பாத்தியைத் தயாரித்து நீர் விட்டு, இரண்டு வாரம் காத்திருந்து, முளைத்தவற்றை மேலாகச் செதுக்கிவிட்டு, மறுபடி கிளறாமல் விதைப்பதே சிறந்த முறை. ஆழமாகக் கிளறினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். விதை கட்டிய களையையும் கோரைக் கிழங்கையும் எருக்குழியில் போடாதீர்கள். போட்டால் அடுத்த ஆண்டு எருவோடு அவை பாத்திக்கே திரும்பும்.

களைக்கொல்லி வேண்டாம் என்பதே என் கருத்து. கத்தரியும் மிளகாயும் கீரையும் அடுத்தடுத்து நிற்கும் சிறு பரப்பில், கிளைபோசேட் போன்ற மருந்தின் சாரல் காற்றில் திரும்பினால் களையோடு பயிரும் போகும்.

மூடாக்கை எப்போது திரும்பப் போடலாம்? தொடர்ந்து மூன்று இரவுகள் டார்ச் விளக்கோடு பார்த்து, பாத்திக்கு ஒன்றிரண்டு நத்தைக்கு மேல் தென்படாமலும், நாற்று ஒரு சாண் வளர்ந்து தண்டு முற்றியும் இருக்கும்போது, நன்கு உலர்ந்த சருகை இரண்டு அங்குலக் கனத்தில் பரப்புங்கள். செடியின் தூரைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு மண் வெறுமையாகத் தெரிய வேண்டும். அடைமழை நாள்களில் அதை ஓரமாக ஒதுக்கிவைத்து, மழை வெறித்தபின் மறுபடி பரப்பிக்கொள்ளலாம். பலகைகளை மட்டும் பருவம் முடியும்வரை எடுக்க வேண்டாம்.